அபராதம் இல்லாதவன்

பத்தொன்பது வருஷத்தில்
ஒருநாள்கூட விசா தாண்டியதில்லை நான்.
சிக்னல் தாண்டியதில்லை.
சபைக் கணக்கில் ஒரு திர்ஹம் தப்பியதில்லை.
ஆகவே, பொதுமன்னிப்பு அறிவித்ததும்
சார்ஜா கூடாரத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்க
போதகர் என் பெயரைத்தான் முதலில் சொன்னார்.

செப்டம்பர் மாதம்.
ஏசி இருந்தது, இருந்தும் இல்லை.
காலை ஏழுக்கே வரிசை
பஸ் நிறுத்தம்வரை போய்த்
திரும்பி வந்திருந்தது.
கல்லிவல்லிகள்.
எங்கும் பதியாத பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஒருத்தி.
பாஸ்போர்ட் ஜெராக்ஸின் ஜெராக்ஸோடு ஒருவன்.
எனக்குள் ஓர் ஆள் உட்கார்ந்து
ஒவ்வொருவருக்கும் அபராதம் கூட்டிக்கொண்டிருந்தான்:
நாளொன்றுக்கு ஐம்பது,
முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கு.

நாற்பத்து மூன்றாவது ஆளாக
ஞானதிரவியம் வந்து உட்கார்ந்தான்.

எங்கள் கம்பெனியில் டைல்ஸ் கொத்தன்.
ஐந்து மாதம் சம்பளம் வராமல்
ஒரு வியாழன் இரவு கேம்ப் சுவரேறிப் போனவன்.
'தலைமறைவு' என்று கடிதம் அடித்தது நான்.
மேனேஜர் சொன்னார், அடித்தேன்.
அதில் ஓர் எழுத்துப்பிழை கிடையாது.
சம்பள பாக்கி பற்றி ஒரு வரியும் கிடையாது.

பிறகு ஒரு கிறிஸ்துமஸ்,
கோயிலின் கடைசி பெஞ்சில் அவன்,
வாயில் வாடை.
திருவிருந்துக்கு எழுந்தவனைக்
கையைப் பிடித்து உட்கார வைத்ததும் நான்தான்.
ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல என்றேன்.
சரிண்ணே என்றான்.

இப்போதும் அண்ணே என்றான்.
'முடியெல்லாம் வெளுத்துட்டே.'
கம்பெனி பெயர் கேட்கும் கட்டத்தில்
என் பேனா நின்றது.
அவனே சொன்னான், எழுத்தெழுத்தாக,
நான் மறந்திருப்பேன் என்பதுபோல.

'அந்த லெட்டர்' என்று தொடங்கினேன்.
'தெரியும்ணே. ரூம் பையன் போட்டோ அனுப்பினான்.'
அவ்வளவுதான்.
பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து வைத்தான்,
எண்ணெய் ஊறிய காகிதத்தில் இரண்டு சமோசா.
'காலைல சாப்ட்டிருக்க மாட்டீங்க.'
நான் அதை ஓரமாய்த் தள்ளி வைத்தேன்.

ரேகை இயந்திரம் அவனை ஏற்கவில்லை.
கட்டைவிரல், இல்லை.
சுட்டுவிரல், இல்லை.
சிமென்ட் தின்ற விரல்கள்,
யாருடையவையும் அல்லாத வழவழப்பு.
ஈரக்காகிதம் வாங்கினேன். வாஸ்லின்
ஒரு பிலிப்பினோ நர்ஸ் தந்தாள்.
முக்காலிமேல் இருந்தது இயந்திரம்;
முட்டி போட்டால்தான் எட்டும். போட்டேன்.
ஒவ்வொரு விரலாய்த் துடைத்து, தடவி,
கண்ணாடிமேல் அழுத்திப் பிடித்தேன்.
அதே கைதான்.
கூச்சத்தில் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
எட்டாவது விரலுக்குப் பச்சை விளக்கு.

அதிகாரிக்கு என் மகன் வயது இருக்கும்.
திரையில் தொகை வந்தது,
என் மனக்கணக்கைவிட அதிகம்.
ஒரு பொத்தானை அழுத்தினான். சைபர்.
'கலாஸ்' என்றான்.
முடிந்தது.
மீன்கடையில் தினமும் கேட்கிற சொல்தான்.
பெரிய வெள்ளியன்று ஆறாம் வார்த்தைக்குச் செய்தி கொடுக்க
வருஷா வருஷம் என்னைத்தான் கூப்பிடுவார்கள்,
முக்கால் மணி நேரம் பேசுவேன்.

ஞானதிரவியம் எழுந்துபோன நாற்காலியில்
ஏனோ நான் உட்கார்ந்தேன்.
இளைஞன் கை நீட்டினான்.
அட்டையைக் கொடுத்தேன்.
தேய்த்துப் பார்த்து
மரியாதையோடு திருப்பித் தந்தான்:
உங்கள்மேல் எதுவும் இல்லை, அங்கிள்.
உங்களுக்கு இங்கே எதுவும் இல்லை.
அடுத்த ஆளுக்கு இடம் விடுங்கள்.

வெளியே, நிழலே இல்லாத இடத்தில்
அவுட்பாஸை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து
அவன் நின்றுகொண்டிருந்தான்,
மற்ற கையில் அந்தப் பொட்டலம்.
'ஆறிப்போச்சுண்ணே' என்றான்,
'பரவால்ல, ஆளுக்கொண்ணு.'